போய்க் கோலில் நில்!



இந்தப் பதிவு சிலருக்குக் கசக்கும். எழுதும்போது எனக்கே கசந்தது. ஆயினும் எழுதாமல் இருக்க மனச்சான்று இடம் தரவில்லை.

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, பழைய கிள்ளான் சாலைக்கு அருகிலுள்ள ஒரு புட்சால் அரங்கிற்கு நண்பர் ஒருவர் என்னை அழைத்துச் சென்றார். அவருடைய அலுவலகத்தார் மணிக்கணக்கில் வாடகை கொடுத்து அங்கே உள்ளரங்கக் காற்பந்து ஆடுவது வழக்கம். நான் ஓரமாக அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தொந்தி விழுந்த நடுத்தர வயதினர் ஒன்பது பேருக்கு நடுவில், ஒரு பக்கக் கோலில் மட்டும் ஒல்லியான இளைஞன் ஒருவன் நின்றான். அவன் நின்ற விதமே வேறாக இருந்தது. முழங்கால் சற்று மடங்கி, கைகள் இடுப்பளவில் விரிந்து, கண் பந்தை விட்டு அகலாமல் நின்றான். மூன்று முறை மிக அருகிலிருந்து வந்த பந்தைக் காலை நீட்டியே தடுத்தான்.

ஆட்டம் முடிந்தது. குழுத் தலைவர் அவன் கையில் சில நோட்டுகளை வைத்தார். அவன் வாங்கிக்கொண்டு திரும்பியபோது என்னைக் கண்டான்.

"வணக்கம் சார்."

அப்போதுதான் அடையாளம் தெரிந்தது. கம்போங் மேடான் அடுக்குமாடி வீட்டிலிருந்து எங்கள் பள்ளிக்கு வந்துகொண்டிருந்தவன். என்னிடம் ஆறாம் ஆண்டு படித்தவன்.

"எந்தக் குழுவுக்குப்பா ஆடுற?" என்று கேட்டேன்.

"எந்தக் குழுவுக்கும் இல்ல சார். கோல்கீப்பர் இல்லாதவங்க போன் பண்ணுவாங்க. ஒரு மணி நேரத்துக்கு முப்பது வெள்ளி. சில பேரு இருபதுதான் குடுப்பாங்க."

அவனுடைய இடது கைச் சுண்டுவிரல் வளைந்திருந்தது. அதைப் பற்றிக் கேட்டேன். போன வருடம் அடிபட்டதாம். மருத்துவமனைக்குப் போகவில்லையாம். "ரெண்டு விரலையும் சேத்து டேப் போட்டுட்டா புடிக்கலாம் சார்" என்று சிரித்தான்.

என்னால் சிரிக்க முடியவில்லை. ஏனென்றால், இவன் பந்தைத் தொடக்கூடாது என்று முடிவு செய்தவர்களில் நானும் ஒருவன்.

அன்று நடந்தது

2019ஆம் ஆண்டு அது. தேர்ச்சி அறிக்கை வழங்கும் நாளன்று அவனுடைய தாயார் என் மேசைக்கு முன் வந்து நின்றார். இரவு வேலை முடித்து நேராக வந்திருந்தார். "சார், இவன பந்துலேருந்து எடுத்துடுங்க சார். யு.பி.எஸ்.ஆர். வருது. பந்தா சார் சோறு போடப் போகுது?" என்றார். அந்த அம்மாவை நான் குறை சொல்லமாட்டேன். தனியாளாய் மூன்று பிள்ளைகளை வளர்க்கும் ஒருவரின் அச்சம் அது. அச்சத்திற்கு விடை சொல்ல வேண்டியவன் ஆசிரியன். நான் என்ன செய்தேன்? "நீங்கள் சொல்வது சரிதான் அம்மா" என்றேன். காற்பந்துக் குழுவின் பெயர்ப்பட்டியலில் அவன் பெயரை நானே அடித்தேன். அவனைக் கூப்பிட்டு, "கோலில் நிற்பதில் எதிர்காலம் இல்லை, புத்தகத்தைப் பார்" என்று அறிவுரையும் கூறினேன்.

அவன் தேர்வு எழுதினான். சுமாரான புள்ளிகள் வாங்கினான். அடுத்த ஆண்டு, அதாவது 2020இல், பெருந்தொற்றினால் அத்தேர்வு நடைபெறவில்லை. 2021இல் கல்வியமைச்சு அதை அடியோடு நீக்கிவிட்டது. எந்தத் தேர்வுக்காக ஒரு பிள்ளையின் கையிலிருந்து பந்தைப் பிடுங்கினோமோ அந்தத் தேர்வே இன்று இல்லை. பந்து இருக்கிறது. அவனும் கோலில்தான் நிற்கிறான். சொல்லித்தர ஆளில்லாமல், காப்புறுதி இல்லாமல், மணிக்கு முப்பது வெள்ளிக்கு நிற்கிறான்.

நாம் அவனைக் கோலிலிருந்து விலக்கவில்லை, ஆசிரியர்களே. கோல்காவலனாகக் கற்றுத் தேர்வதிலிருந்துதான் விலக்கினோம்.

கோல் என்பது தண்டனை இடமா?

உடற்கல்வி நேரத்தை நினைத்துப் பாருங்கள். இரு குழு பிரிக்கிறோம். ஓடத் தெரிந்தவன் முன்னால் போகிறான். பருமனான பிள்ளை, மூச்சு வாங்கும் பிள்ளை, கண்ணாடி போட்ட பிள்ளை, புதிதாக வந்து நண்பர் இல்லாத பிள்ளை ஆகியோருக்கு நாம் என்ன சொல்கிறோம்? "போய்க் கோலில் நில்!"

பல ஆண்டுகள் இந்தச் சொல்லை நானும் சொல்லியிருக்கிறேன். அது வேண்டாதவனை ஓரங்கட்டும் சொல். வகுப்பறையில் கடைசி வரிசை எப்படியோ, திடலில் கோல் அப்படி. கோல் விழுந்தால் அவனைத்தான் ஏசுவார்கள். பத்துப் பந்தைத் தடுத்துவிட்டு ஒன்றை விட்டாலும் அந்த ஒன்றே நினைவில் நிற்கும். இப்படிப்பட்ட இடத்தை ஒரு பிள்ளை தானாக விரும்பி ஏற்கிறான் என்றால் அவனிடம் ஏதோ ஒன்று இருக்கிறது என்று ஆசிரியர் கண்களுக்குப் புலப்பட வேண்டாமா?

உள்ளரங்கக் காற்பந்தில் கோல்காவலன் செய்யும் வேலை என்னவென்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கும் அன்று தெரியாது. அதன்பின் படித்தும் பார்த்தும் தெரிந்துகொண்டதை இங்கே சொல்கிறேன்.

புட்சால் அனைத்துலக ஆடுகளம் 40 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம். ஒரு குழுவுக்கு ஐவர். அவர்களுள் ஒருவர் காவலர். கோலின் அகலம் 3 மீட்டர், உயரம் 2 மீட்டர். திடல் காற்பந்தின் கோல் 7.32 மீட்டர் அகலமும் 2.44 மீட்டர் உயரமும் உடையது. பரப்பளவைக் கணக்கிட்டால் புட்சால் கோல் அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். "சின்னக் கோல்தானே, எளிது" என்று நினைத்துவிடாதீர்கள். திடலில் தண்டனை உதை 11 மீட்டரிலிருந்து அடிக்கப்படுகிறது. புட்சாலில் 6 மீட்டரிலிருந்து. பந்து வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் வந்தால் 6 மீட்டரைக் கடக்க எவ்வளவு நேரமாகும்? நம் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளே கணக்கிட்டுச் சொல்வார்கள்: 0.3 வினாடி. கண்ணால் கண்டு உடம்பை அசைக்கத் தொடங்குவதற்கே மனிதருக்கு அதில் பெரும்பகுதி கழிந்துவிடும்.

ஆகவே நல்ல காவலன் பந்தை மட்டும் பார்ப்பதில்லை. உதைப்பவனின் இடுப்பு எந்தப் பக்கம் திரும்புகிறது, ஊன்றிய கால் எங்கே காட்டுகிறது என்பதைப் படிக்கிறான். பாய்ந்து விழுவதைவிட, முன்னேறி வந்து, ஒரு முழங்காலை மடக்கி, மற்றொரு காலை நீட்டி, மார்பை விரித்துச் சுவராக நிற்பதே இங்கு முதன்மையான நுட்பம். பந்து கையில் வந்தால் தன் பாதியில் அதை 4 வினாடிக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. அதற்குள் யாருக்கு எறிவது என்று முடிவு செய்ய வேண்டும். எறிந்தபின், எதிரணியினர் தொடாத பந்தைத் தன் தோழர் வேண்டுமென்றே திருப்பித் தந்தால் தன் பாதியில் அதைத் தொடவும் கூடாது. குழு தோற்றுக்கொண்டிருக்கும் கடைசி நிமிடங்களில் காவலனே கோலை விட்டு வெளியேறி ஐந்தாவது தாக்குபவனாக மாறுவதும் உண்டு. காலியான கோலை முதுகுக்குப் பின் விட்டுவிட்டு முன்னேறும் துணிவு எளிதில் வருவதன்று.

விரைவாகக் கணித்தல், பிறரை நெறிப்படுத்தல், தவற்றை விழுங்கி அடுத்த நொடிக்கு ஆயத்தமாதல். நம் பாடத்திட்டத்தில் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கும் திறன்கள் இவையல்லவா? "உயர்நிலைச் சிந்தனைத் திறன்" என்று பயிலரங்கு பயிலரங்காக ஓடுகிறோம். அது நம் பள்ளித் திடலிலேயே, இரண்டு காலணிகளைக் கம்பமாக வைத்து அவற்றுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தது. நாம்தான் பார்க்கவில்லை.

ஆறுமுகத்தை மேடையில் மட்டும் பயன்படுத்துகிறோம்

நம்மவர் விளையாட்டு விழா எதுவானாலும் சிறப்புப் பேச்சாளர் ஒரு பெயரைச் சொல்லாமல் இருப்பதில்லை. 'ஸ்பைடர்மேன்' ஆர்.ஆறுமுகம். கைதட்டுகிறோம், வீட்டுக்குப் போகிறோம், பிள்ளையின் கையுறையைப் பீரோவில் பூட்டுகிறோம்.

அவர் வரலாற்றை மேடைப் பேச்சாக அல்லாமல் பாடமாகப் படித்தால் என்ன தெரியும்? 1953இல் பிறந்தவர். சிலாங்கூருக்கும் நாட்டுக்கும் கோல் காத்தவர். 1974இல் தெஹ்ரான் ஆசிய விளையாட்டில் மலேசியா வெண்கலம் வென்ற காலத்தவர். 1977இலும் 1979இலும் சீ விளையாட்டில் தங்கம் கண்ட தலைமுறையைச் சேர்ந்தவர். மொக்தார் டஹாரி, சோ சின் ஆன், சந்தோக் சிங் ஆகியோரோடு ஒரே சட்டை அணிந்தவர். 1980 ஏப்ரலில் மெர்டேக்கா அரங்கில் தென்கொரியாவை 2-1 என வென்று மலேசியா மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்றது. ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை நுழைந்ததைக் கண்டித்து நம் நாடும் அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்தது, அவர்கள் போகவில்லை. 2016இல் வெளிவந்த 'ஓலா போலா' திரைப்படம் அந்த நாள்களைத் தழுவியதே. அதில் வரும் கோல்காவலன் முத்துவைப் பார்த்து நம் வீடுகளில் கண்ணீர் விட்டவர்கள் பலர்.

இப்போது மேடைகளில் சொல்லப்படாத பகுதிக்கு வருகிறேன். அக்காலத்தில் நம் நாட்டில் காற்பந்து முழுநேரத் தொழிலாக இல்லை. பகலில் ஒரு வேலை, மாலையில் பயிற்சி என்பதே ஆட்டக்காரர் வாழ்க்கை. அரைத் தொழில்முறை லீக் 1989இல்தான் தொடங்கியது. முழுத் தொழில்முறை 1994இல் வந்தது. ஆறுமுகம் 1988 டிசம்பரில், 35ஆம் வயதில், சாலை விபத்தில் இறந்தார். அவருடைய ஆட்டத்தைத் தொழிலாக மதித்துச் சம்பளம் பேசும் காலம் வாயிலுக்கு வந்தபோது அவர் இல்லை.

அவருடைய தோழர் மொக்தாரின் பெயரில் பகாங் மாநிலம் கம்பாங்கில் தேசியக் காற்பந்துக் கழகம் இருக்கிறது. மகிழ்ச்சி. ஆறுமுகத்தின் பெயரால் நம் தமிழ்ப்பள்ளி ஒன்றில் காவலர் பயிற்சி வகுப்பு ஒன்றாவது நடந்து நான் பார்த்ததில்லை. அரசாங்கத்தைக் கேட்கவில்லை, நம்மைத்தான் கேட்கிறேன். நாட்டில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் வைத்திருக்கிறோம். இதற்கு யார் அனுமதி தர வேண்டும்?

சோறு போடுமா?

இதுதான் பெற்றோரின் கேள்வி. நேர்மையாக விடை சொல்வோம். எல்லாருக்கும் போடாது.

"உன் பிள்ளை அடுத்த ஆறுமுகம்" என்று ஆசை காட்டிப் பணம் கறப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வது பொய். "விளையாட்டால் ஒன்றுமே வராது" என்று நான் 2019இல் சொன்னதும் பொய். இரண்டு பொய்க்கும் நடுவில் உள்ள உண்மையைப் பிள்ளைக்குச் சொல்லும் கடமை நமக்கு இருக்கிறது.

உண்மை என்ன? தொழில்முறைக் காற்பந்து நம் நாட்டில் நிலையற்றது. ஆட்டக்காரருக்குச் சம்பளம் மாதக்கணக்கில் நிலுவையாகும் செய்திகளை நாளிதழில் ஆண்டுதோறும் படிக்கிறோம். நம் கம்போங் மேடானுக்கு மிக அருகில், கிளானா ஜெயாவிலுள்ள எம்.பி.பி.ஜே. அரங்கில், பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற குழு ஆடிவந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். மலேசிய இந்தியக் காற்பந்துச் சங்கத்தின் குழுவாக வளர்ந்து, பெயர் மாறி, 2019இல் சூப்பர் லீக்கில் கால்வைத்தது. நம் பிள்ளைகள் பேருந்து ஏறிப் போய்ப் பார்க்கும் தூரத்தில் நம்மவர் வளர்த்த குழு நாட்டின் முதல் நிலையில் ஆடியது. 2022ஆம் ஆண்டுப் பருவத்தோடு அது லீக்கிலிருந்து விலகிவிட்டது. ஒரு குழு விலகினால் ஆட்டக்காரன் மறுநாள் வேலை தேட வேண்டும். உள்ளரங்கக் காற்பந்தின் நிலை இதைவிட மெலிந்தது.

உலகத்தில் வேறு விதமாகவும் இருக்கிறது. பிரேசிலில் பிறந்து கஸக்ஸ்தானுக்கு ஆடிய ஹிகித்தா என்ற புட்சால் காவலர், கைராட் குழுவோடு 2013இலும் 2015இலும் ஐரோப்பியக் கிண்ணத்தை வென்றார். ஸ்பெயினின் லூயிஸ் அமாடோ 2000இலும் 2004இலும் உலகக் கிண்ணம் வென்ற குழுவின் காவலர். அவர்களுக்கு அது முழுநேரத் தொழில். நாமும் இந்த ஆட்டத்திற்குப் புதியவர்கள் அல்லர். 1996இல் ஸ்பெயினில் நடந்த உலகப் போட்டியில் மலேசியா ஆடியிருக்கிறது. ஆசியாவின் முதல் புட்சால் போட்டி 1999இல் நம் கோலாலம்பூரில்தான் நடந்தது. பெண்களுக்கான முதல் உலகக் கிண்ணம் 2025இல் அண்டை நாடான பிலிப்பைன்ஸில் நடந்தது. ஆகவே பெண் பிள்ளைகளைப் பெற்றவர்களும் இப்பதிவைத் தொடர்ந்து படியுங்கள்.

இந்த உண்மைகளையெல்லாம் ஒன்றாக வைத்துப் பார்த்தால் எனக்குத் தெரிவது இது. கோல்காவலனாக விரும்பும் பிள்ளைக்கு மற்றப் பிள்ளைகளைவிடக் கூடுதலாகப் படிப்பு வேண்டும். ஒப்பந்தம் மலாயிலோ ஆங்கிலத்திலோ வரும்; அதைப் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும். சம்பளம் நிலுவையானால் எங்கே முறையிடுவது என்று தெரிய வேண்டும். விரல் உடைந்தால் செலவு யாருடையது என்று கையெழுத்துப் போடுமுன் கேட்கத் தெரிய வேண்டும். முப்பத்தைந்து வயதுக்குப் பிறகு பயிற்றுநராகவோ நடுவராகவோ உடற்கல்வி ஆசிரியராகவோ மாறுவதற்குச் சான்றிதழ் வேண்டும். பந்தைப் பிடுங்கிவிட்டுப் புத்தகத்தைக் கொடுத்தால் அவன் புத்தகத்தை வெறுப்பான். பந்துக்காகவே புத்தகம் வேண்டும் என்று காட்டினால் படிப்பான். இதை 2019இல் அந்த அம்மாவிடம் நான் சொல்லியிருக்க வேண்டும்.

வழக்கமான மறுப்புகள்

முதல் மறுப்பு: "நம் பிள்ளைகளுக்கு எங்கே ஐயா வாய்ப்புக் கொடுக்கிறார்கள்?" வாய்ப்பில் குறை இருக்கிறது; நான் மறுக்கவில்லை. ஆனால் தேர்வுக்குப் போகும் வயதில் நம் பிள்ளைக்குக் காவலரின் அடிப்படைப் பயிற்சியே இல்லை என்றால், கதவு திறந்திருந்தாலும் அவன் உள்ளே போக முடியாது. மற்றவர் கதவை அடைப்பதைப் பற்றிப் பேசும் உரிமை, நம் பக்கத்துத் தாழ்ப்பாளை நீக்கிய பிறகுதான் நமக்கு வரும்.

இரண்டாம் மறுப்பு: "உயரம் போதாது." திடல் காற்பந்தின் பெரிய கோலுக்கு உயரம் பெரிதும் உதவும். இரண்டு மீட்டர் உயரமுள்ள கோலில் விரைவும் வளைவும் துணிவுமே முதலில் வேண்டும். உயரம் குறைந்த பிள்ளையை ஒதுக்கிவைக்க இங்கே காரணமில்லை.

மூன்றாம் மறுப்பு: "எங்கள் வட்டாரம் உங்களுக்குத் தெரியாதா சார்? பந்து ஆடப் போனால் கெட்ட சகவாசம் வந்துவிடும்." இது கம்போங் மேடான் பெற்றோர் மெல்லிய குரலில் சொல்வது. அந்தக் குரலின் அடியில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். 2001 மார்ச்சில் இந்த வட்டாரத்தில் நடந்த வன்முறையில் ஆறு பேர் இறந்தனர், பெரும்பாலோர் நம்மவர். அன்றிலிருந்து வெளியூரார்க்கு இப்பெயர் ஒரே பொருளைத்தான் தருகிறது. பிள்ளையை வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தால் காப்பாற்றிவிடலாம் என்று ஒரு தலைமுறைத் தாய்மார் நினைத்தனர். யார் அவர்களைக் குறை சொல்ல முடியும்?

ஆனால் எண்ணிப் பாருங்கள். அடுக்குமாடியின் சிறிய வீட்டுக்குள் பதினான்கு வயதுப் பையனை எத்தனை மணி நேரம் வைத்திருப்பீர்கள்? அவன் எப்படியும் கீழே இறங்குவான். கீழே அவனுக்காகக் காத்திருப்பவர் பயிற்றுநராக இருக்க வேண்டுமா, வேறு யாராவதாக இருக்க வேண்டுமா என்பது மட்டுமே நம் கையில் இருக்கிறது. மேலும், புட்சால் குழுவில் மலாய்ப் பையனும் சீனப் பையனும் தமிழ்ப் பையனும் இருப்பார்கள். அவர்களுக்குப் பின்னால் நின்று, "இடப்பக்கம் போ, வலப்பக்கம் மூடு" என்று குரல் கொடுப்பவன் காவலன். அந்தக் குரலுக்கு மற்ற நால்வரும் கட்டுப்படுகிறார்கள். 2001ஐ நினைவில் வைத்திருக்கும் ஒரு வட்டாரத்திற்கு இதைவிட நல்ல பயிற்சி வேறு என்ன வேண்டும்?

'மேடான்' என்ற மலாய்ச் சொல்லுக்குத் திடல் என்று பொருள். திடலின் பெயரால் அமைந்த ஊரில் திடல் தேடி அலைகிறோம். பிரிக்பீல்ட்ஸில் ஒரு சாலைக்குப் 'பாடாங் பெலியா', இளைஞர் திடல், என்றே பெயர், ஒய்.எம்.சி.ஏ. அங்கேதான் இருக்கிறது. 1930இல் உருகுவே நாட்டின் மொண்டெவிடியோ நகரில் ஒய்.எம்.சி.ஏ. ஆசிரியர் ஒருவர்தான், வெளியே போதிய திடல் இல்லாத பிள்ளைகள் ஆடட்டும் என்று, உள்ளரங்கத்திற்கேற்ற விதிகளை எழுதினார். ஹுவான் கார்லோஸ் செரியானி என்பது அவர் பெயர். புட்சாலைத் தொடங்கி வைத்தவர் ஓர் ஆசிரியர்! "திடல் இல்லை" என்று அவர் கைவிரிக்கவில்லை. நாம் விரிக்கிறோம்.

என்ன செய்யலாம்?

குறை சொல்லிவிட்டு ஓடிப்போகும் பழக்கம் எனக்கில்லை. பெரும் செலவில்லாமல் நாளையே தொடங்கக்கூடியவற்றைச் சொல்கிறேன்.

1. உடற்கல்வி வகுப்பில் கோலில் நிற்பதை முறை வைத்துச் செய்யுங்கள். எல்லாரும் நிற்கட்டும். "போய்க் கோலில் நில்" என்ற சொல்லை இன்றோடு விட்டுவிடுங்கள். "இன்று கோல் காப்பவர் யார்?" என்று கேளுங்கள். கை தூக்கும் பிள்ளையைக் குறித்து வையுங்கள்.

2. புட்சால் அரங்குகள் இரவில்தான் நிரம்புகின்றன. பகல் வேளையில் பல அரங்குகள் காலியாகக் கிடக்கின்றன. பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினர் உரிமையாளரிடம் நேரில் பேசி வாரத்தில் ஒரு மணி நேரம் குறைந்த வாடகைக்குக் கேளுங்கள். விருந்துக்கும் வாடகை நாற்காலிக்கும் செலவிடுகிறோமே, அதில் ஒரு பகுதி போதும்.

3. காவலருக்குத் தனிப் பயிற்சி வேண்டும். பந்து பிடிப்பது, விழுவது, எழுவது, எறிவது எல்லாம் கற்றுத்தர வேண்டியவை. தவறாக விழுந்தால் மணிக்கட்டும் முழங்காலும் போகும். நல்ல கையுறை இரண்டு இணையும் முழங்கால் காப்பும் பள்ளியின் சொத்தாக இருக்கட்டும். வசதியில்லாத பிள்ளை கேட்கக் கூசுவான்.

4. பெற்றோரே, ஓர் ஆட்டத்தையாவது போய்ப் பாருங்கள். கோலுக்குப் பின்னால் நின்று பாருங்கள். உங்கள் பிள்ளை விட்ட பந்தை எண்ணாதீர்கள்.

5. ஆடும் பிள்ளையின் தேர்ச்சி அறிக்கையை மற்றவரைவிடக் கூர்ந்து கவனியுங்கள். படிப்பில் பின்தங்கினால் உதவி வகுப்பு கொடுங்கள். குழுவிலிருந்து நீக்குவதைத் தண்டனையாக்காதீர்கள்.

இறுதியாக

அன்றிரவு அந்த இளைஞனை நான் அப்படியே விட்டுவிடவில்லை. மறுநாள் மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். விரல் கோணலாகவே சேர்ந்துவிட்டது. இனி நேராக்க வேண்டுமானால் அறுவைதான் என்றார்கள். உடனே பார்த்திருந்தால் எளிதாக முடிந்திருக்கும் என்றும் சொன்னார்கள். உடனே பார்க்கச் சொல்ல அவன் பக்கத்தில் ஒரு பயிற்றுநர் இல்லை. இருந்திருக்க வேண்டியவன் நான்.

பிறகு அவனிடம் ஒன்று கேட்டேன். சனிக்கிழமை காலை பள்ளிக்கு வந்து எங்கள் பிள்ளைகளுக்குக் கோல் காக்கக் கற்றுத்தர முடியுமா என்று.

"நானா சார்?" என்றான். சிறிது நேரம் தரையைப் பார்த்தான். "சும்மாவா சார்?" என்று கேட்டான்.

எனக்கு முதலில் சுருக்கென்றது. பிறகு மகிழ்ந்தேன். தன் உழைப்புக்கு விலை உண்டு என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அதை அவன் யாரிடமும் கற்றுக்கொள்ளவில்லை. "சும்மா இல்லை" என்றேன்.

பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இதை முன்வைத்தேன். ஒரு காலைக்கு அறுபது வெள்ளி கேட்டேன். ஒரு மணி நேரம் வாதம் நடந்தது. "பெரிய பயிற்றுநரா அவன்? நம்ம பழைய மாணவன்தானே, சேவையாகச் செய்யட்டுமே" என்றார் ஒருவர். அந்தச் சொல்தான் என்னை இப்பதிவை எழுத வைத்தது. மேடையில் பேச வருபவருக்குப் பொன்னாடையும் பழக்கூடையும் உண்டு. பிள்ளையோடு தரையில் விழுந்து எழுந்து கற்றுத்தருபவன் மட்டும் சேவை செய்ய வேண்டுமாம்!

முடிவு அடுத்த கூட்டத்திற்கு ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது. அதுவரை அந்த அறுபது வெள்ளியை நானே கொடுக்கிறேன். கொடுப்பது பெருமையன்று, ஆறு ஆண்டுகளுக்கு முன் பெயர்ப்பட்டியலில் நான் இழுத்த கோட்டுக்கு வட்டி கட்டுகிறேன்.

முதல் சனிக்கிழமை பதினோரு பிள்ளைகள் வந்தனர். அவர்களில் மூவர் பெண் பிள்ளைகள். "யாரெல்லாம் கோல்ல நிக்கிறீங்க?" என்று அவன் கேட்டபோது ஒருவரும் கை தூக்கவில்லை. வளைந்த விரலோடு கையுறையை மாட்டிக்கொண்டு அவனே போய் நின்றான். "என்கிட்ட ஒரு கோல் போடுங்க பாப்போம்" என்றான்.

அரை மணி நேரம் கழித்துக் கோலுக்கு அருகில் ஒரு வரிசை நின்றது. உதைப்பதற்கான வரிசை என்றுதான் முதலில் நினைத்தேன். கையுறைக்கான வரிசை அது.

உங்கள் பள்ளியில் கோலில் நிற்கும் பிள்ளை யார் என்று நாளைக்குப் போய்ப் பாருங்கள், ஆசிரியர்களே. அவன் பெயர் உங்களுக்குத் தெரியுமா?

அன்புடன்,
கம்போங் மேடானிலிருந்து ஒரு தமிழாசிரியன்